கார்னிலியாவின் அடித்தளம்

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் சாய்ந்து நின்றது.

மேசைதான் கோணல் என்று முதலில் நினைத்தான் ஸ்தனிஸ்லாஸ். டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்துக் காலுக்கடியில் செருகிப் பார்த்தான். மேசை அசையவில்லை, நாலு காலும் தரையில் சரியாகத்தான் பதிந்திருந்தன. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருஷமாக இரும்போடு புழங்குகிறவன் அவன். ஒரு பரப்பு மட்டமா இல்லையா என்று சொல்ல அவனுக்குக் கண் போதும். தண்ணீர் இடப்பக்கம் ஒரு விரல் அளவு ஏறி நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவசரமே இல்லாமல், இடப்பக்கம் இறங்கி வலப்பக்கம் ஏறியது.

கப்பல் மிதந்துகொண்டிருந்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் 'கார்னிலியா' நின்றது கொள்ளிடத்தின் வடகரையில், வெள்ளம் வந்தாலும் எட்டாத மேட்டில், பதினாறு கான்கிரீட் தூண்களின் மேல்.

நூறு வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போன நீராவிக் கப்பல் அது. பிற்பாடு ஏதோ ஒரு துறைமுகத்துச் சேற்றில் கிடங்காகக் கிடந்து துருப்பிடித்து, பழைய இரும்பு விலைக்கு வந்தபோது கூடப் படித்த டோமினிக்கும் அவனோடு தொழில் செய்கிறவர்களும் வாங்கினார்கள். துண்டு துண்டாக வெட்டி, லாரி லாரியாக நம்பர் ஒன் டோல்கேட் வழியாகக் கொண்டுவந்து, இங்கே மறுபடியும் ஒட்டவைத்தார்கள். மேல்தளத்தில் சாப்பாடு. கீழே, சரக்கும் ஆட்களும் ஏற்றிய அடித்தளத்தில், டான்ஸ் ஹால். இன்றைக்கு அவர்கள் காலேஜின் முன்னாள் மாணவர் சங்கம் அதை எடுத்திருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷ செட்டும் அவரவர் துணையுமாக எண்பத்து நாலு பேர்.

"என்ன, தம்ளரையே பாத்துட்டு இருக்க? ஏதாச்சும் விழுந்து கிடக்கா?" என்றாள் பிரான்சி.

"தண்ணி சாயுது பாரு."

"மத்தியானம் ஒழுங்கா சாப்புடல நீ. தல சுத்துது, அவ்ளோதான்."

அவளும் அதே செட்தான். மாமியார் எதிரில் அவனை 'என்னங்க' என்பாள். கூடப் படித்தவர்கள் நடுவில் வந்துவிட்டால் பழையபடி 'ஸ்டானி', 'நீ'. அந்த மாற்றம் அவனுக்கு எப்போதும் பிடிக்கும். கருநீலப் புடவையும் வெள்ளிக் கொலுசுமாக, கல்யாணத்துக்குப் பிறகு முதல்தடவையாக ஆடப்போகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மணி ஆறேகால். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் மேல் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. ஐப்பசிக் காற்றில் மழை வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொரு வாசனையும் லேசாக இருந்தது. உப்பு. ஈரச் சாக்கு. கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல்.

சாம்பல் கோட்டு போட்ட ரசூல் பிரியாணித் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். குவைத்திலிருந்து இதற்காகவே லீவு போட்டு வந்திருந்தான். முதல் வருஷத்தில் கரப்பான் பூச்சியை அறுக்க மனசு வராமல் விலங்கியலை விட்டுக் கணிதத்துக்கு மாறியவன். இன்றைக்கும் அந்தப் பெயர்தான் அவனுக்கு, 'கரப்பு'.

"என்ன மாப்ள, டல்லா இருக்க?"

"கப்பல் ஆடுற மாதிரி தெரியல உனக்கு?"

ரசூல் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தான். "நானும் அப்பலேர்ந்து சொல்லலாம்னுதான் பாத்தேன். வாந்தி வர்ற மாதிரி இருக்குடா."

அதற்குள் டோமினிக் மைக்கைத் தட்டினான். சங்கத்தின் செயலாளரும் அவன்தான், கப்பல்காரனும் அவன்தான். "சாப்ட்டு முடிச்சவங்கல்லாம் கீழ வாங்கப்பா! ஒரு காலத்துல ஆயிரம் பேரு உக்காந்து போன எடம் அது. இன்னிக்கு நம்ம ஆடப்போறோம்!"

கைதட்டினார்கள். பிரான்சி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

அடித்தளத்துக்கு வழி, மேல்தளத்தின் நடுவில் வெட்டிவிட்ட கிணறு மாதிரி ஒரு சதுரத் திறப்பு. இருபத்திரண்டு இரும்புப் படிகள். திறப்புக்கு மேலே, பாரம் தூக்கும் டீசல் வின்ச்சின் கம்பி வடத்தில், ஒன்றரை டன் எடையுள்ள பழைய இரும்புமூடி தொங்கியது. அதற்கடியில் குனிந்து நுழையும்போதெல்லாம் ஸ்தனிஸ்லாஸ் அண்ணாந்து பார்ப்பதைத் தவிர்ப்பான்.

அவனுக்கு அந்த மூடியைத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டோமினிக்குக்காக வந்து வெல்டிங் எல்லாம் சரிபார்த்துக் கொடுத்தவன் அவன்தான். மூடி அப்போது கரையில் மல்லாந்து கிடந்தது. உட்பக்கம் முழுக்கக் கீறல். நாலு நாலாக, ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும். தன் விரல்களை விரித்து அந்தக் கோடுகளில் வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தின. எத்தனை பேர் எவ்வளவு நேரம் கீறினால் இரும்பில் இப்படித் தடம் விழும் என்று அவனால் கணக்குப் போட முடியவில்லை.

"கிரைண்டர் போட்டுத் தேச்சு விட்றா மச்சான்," என்றான் டோமினிக். "கல்யாணத்துக்கு வர்றவங்க பாத்தா நல்லாவா இருக்கும்?"

அரைநாள் ஆயிற்று. தேய்த்து, பிரைமர் அடித்து, கறுப்புப் பெயின்ட்டும் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தான். பிரான்சியிடம் கூட அதைச் சொன்னதில்லை.

கீழே ஏசி குளிர் முகத்தில் அடித்தது. சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன. இருபக்கமும் வளைந்து ஏறிய இரும்புச் சுவர்களில் வரிசை வரிசையாக ரிவெட் ஆணித் தலைகள். அவர்கள் காலத்துப் பாட்டு ஒன்று ஆரம்பித்ததும் கூட்டம் கூச்சல் போட்டது. தலை நரைத்த வக்கீல்களும் வயிறு போட்ட பேங்க் மேனேஜர்களும் கையைத் தூக்கி ஆடினார்கள். புத்தூரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் வேணி செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினாள். பிரான்சி அவளோடு சேர்ந்துகொண்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் சுவரோரமாக ஒதுங்கி நின்றான். முதுகு ஈரமானது. திரும்பிப் பார்த்தான். இரும்பு வியர்த்திருந்தது. ஏசிதான் காரணம் என்று சொல்லிக்கொண்டே விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டான். பாட்டின் தாளத்துக்கு அடியில், அதோடு சேராமல், வேறொரு தட்டல். வெயிலில் காய்ந்த இரும்பு மாலையில் சுருங்கும்போது விடுகிற சத்தம் அவனுக்குப் பழக்கம். அது டக்கென்று ஒற்றையாக வரும். இது அப்படியில்லை. உள்ளங்கையால் அடிப்பது போல, மெத்தென்று, பல இடங்களிலிருந்து, தரைக்குக் கீழேயிருந்து வந்தது. தரைக்குக் கீழே வெறும் காற்றும் தூணும்தான்.

ஏழு மணிக்கு மழை பிடித்தது. திறப்பின் வழியாகச் சாரல் வந்து ஸ்பீக்கர் பெட்டிகளில் விழுந்தது.

"மூடிய எறக்குப்பா!" என்று டோமினிக் மேலே பார்த்துக் கத்தினான். "ரெண்டு சாண் விட்டு நிறுத்து, காத்து வரட்டும்!" பிறகு மைக்கில், "ஒண்ணும் பயப்படாதீங்க. வெளிய போறவங்க மேடைக்குப் பின்னாடி சைடு கதவு இருக்கு, அதுல போங்க."

மூடி கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கி, இரண்டு சாண் இடைவெளி விட்டு நின்றது. மழைச் சத்தம் தூரப் போனது. தட்டல் நின்றது.

அது நின்றதுதான் அவனுக்கு முதுகுத்தண்டில் ஊசி குத்தினாற்போல இருந்தது. யாரோ காத்திருந்தார்கள், இப்போது காத்திருக்கத் தேவையில்லை என்பது போல.

கொஞ்சம் கொஞ்சமாக ஹால் சூடாயிற்று. ஏசி ஓடுகிற இரைச்சல் கேட்டது, காற்று வரவில்லை. எண்பத்து நாலு பேருக்குத் தாராளமாக இருந்த இடத்தில் இப்போது தோளோடு தோள் இடித்தது. ஒரு வெற்று முழங்கை அவன் விலாவில் பட்டது. எண்ணெயும் வியர்வையுமாக வழுவழுவென்றிருந்த முழங்கை. திரும்பினால் கோட்டு போட்ட வக்கீல் ஒருவர் இரண்டடி தள்ளி நின்றார். காலடிச் சத்தத்தைக் கவனித்தான். ஷூவும் ஹீல்ஸும் போட்டவர்கள் ஆடுகிற சத்தம் ஒன்று. அதைவிடக் கனமாக, தொப் தொப்பென்று வெறுங்கால்கள் மிதிக்கிற சத்தம் இன்னொன்று. வேணி ஒருத்திதான் செருப்பைக் கழற்றியிருந்தாள். அவள் ஆடுவதை நிறுத்திவிட்டுக் காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள்.

பிரான்சியை வெளியே கூட்டிப்போய்விட வேண்டும். முதலில் கதவைப் பார்த்துவிட்டு வந்து கூப்பிடலாம்.

மேடைக்குப் பின்னால் திரைச்சீலையை விலக்கினான்.

கதவு இல்லை.

தவறான பக்கம் என்று எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தான். அங்கும் இல்லை. திரும்பி வந்தான். இந்த இடம்தான். இதே தகட்டில் சாக்பீஸால் கோடு கிழித்து, ஆறடிக்கு மூன்றடி, கேஸ் கட்டரைக் கொடுத்து வெட்டச் சொன்னவன் அவன். வெட்டிய துண்டு விழுந்தபோது பக்கத்தில் நின்றவன். இப்போது அங்கே இருந்தது முழுத்தகடு. ஒரு அங்குல இடைவெளியில் பழைய ரிவெட்டுகள், நூறு வருஷத் துரு ஏறி, ஒருபோதும் யாரும் கை வைக்காத மாதிரி. இரண்டு கைகளாலும் தடவினான். சந்து இல்லை. கீல் இல்லை. ஒன்றுமில்லை.

டோமினிக்கை இழுத்துக்கொண்டு வந்து காட்டினான்.

"வெளாடாத ஸ்டானி," என்று சிரித்தான் டோமினிக். தகட்டைத் தொட்டான். சிரிப்பு முகத்திலேயே தங்கி மெல்லச் செத்தது. "இங்கதான்டா இருந்துச்சு. மத்தியானம் இது வழியாத்தான ஸ்பீக்கர ஏத்துனோம்?"

"மேல ஆளக் கூப்புடு. மூடியத் தூக்கச் சொல்லு."

டோமினிக் போனை எடுத்தான். டவர் இல்லை. படியருகே ஓடி, மேலே பார்த்துக் கத்தினான். வின்ச் ஆபரேட்டர் சாப்பிட இறங்கிவிட்டிருந்தான்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

பாட்டு நின்றது. ஒரு நொடி எல்லோரும் "ஓ" என்று ஒரே குரலில் கத்திச் சிரித்தார்கள், காலேஜ் ஹாஸ்டலில் கத்துவது போல. நாலைந்து போன் லைட்டுகள் எரிந்தன. ஜெனரேட்டர் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. சிரிப்பு அடங்கியது. அந்த இருட்டில் மூச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. எண்பத்து நாலு பேரின் மூச்சு அல்ல அது. ஹால் முழுவதும், மூலை முடுக்கெல்லாம், கால்களுக்கிடையில் கூட, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

"பிரான்சி!" என்றான்.

"இங்க இருக்கேன். ஸ்டானி, யாரோ என் கொலுசப் புடிச்சுக்கிட்டு..."

தரை சாய்ந்தது.

இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. மொத்தக் கூட்டமும் ஒரு பக்கமாகச் சரிந்து சுவரில் மோதியது. ஒரு ஸ்பீக்கர் பெட்டி உருண்டு யாருடைய காலையோ நசுக்கியது. அலறல். தரை மறுபக்கம் சாய்ந்தது. வேணி குப்புற விழுந்தாள். விழுந்தவளைத் தூக்க ரசூல்தான் குனிந்தான். போன் வெளிச்சத்தில் ஸ்தனிஸ்லாஸ் பார்த்தான். குனிந்த ரசூல் நிமிர்ந்தான். அவள் முதுகில் ஒரு காலை வைத்தான். அடுத்த காலைத் தலையில் வைத்தான். ஏறி நடந்து படிக்கட்டைப் பார்த்துப் போனான். அவன் முகத்தில் கோபம் இல்லை, பயம் கூட இல்லை. பல நாள் யோசித்து முடிவெடுத்தவனின் முகம்.

"காத்து," என்றான் யாரோ.

"காத்து இல்ல."

"மேல. மேல ஏறு."

அதற்குப் பிறகு வார்த்தை எதுவும் இல்லை.

எல்லோரும் படிக்கட்டுக்குப் போனார்கள். ஓடவில்லை, ஓட இடமில்லை. முன்னால் நின்றவன் முதுகில் ஏறினார்கள். முடியைப் பிடித்து இழுத்தார்கள். இருபத்தைந்து வருஷமாகப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் கட்டைவிரலை அழுத்தினார்கள். வக்கீல் மைக் ஸ்டாண்டின் இரும்புக் காலை எடுத்துத் தன் மனைவியின் வாயில் அடித்தார், அவள் வழியில் நின்றாள் என்பதற்காக. ஒரு முறை. இன்னொரு முறை. பல் சிதறி ஸ்தனிஸ்லாஸின் கன்னத்தில் பட்டது. படிக்கட்டின் உச்சியில் டோமினிக், பக்கத்திலேயே இருந்த இடைவெளியைப் பாராமல், மூடியின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தான். மெத்தென்று. மெத்தென்று. மெத்தென்று. பிறகு நகத்தால்.

ஸ்தனிஸ்லாஸ் கையை நீட்டித் துழாவி பிரான்சியின் மணிக்கட்டைப் பிடித்தான். அவளா என்று வளையலைத் தடவி உறுதி செய்துகொண்டான்.

"விட்றாத," என்றாள்.

"விட மாட்டேன்."

முதல் படி. இரண்டாவது படி. காலுக்கடியில் படி இல்லை, உடம்பு. மிதித்த இடம் புதைந்தது. ஒரு கை அவன் பெல்ட்டைப் பிடித்தது, முழங்கையால் இடித்தான், மூக்கெலும்பு நொறுங்குவது எலும்பு வழியாகவே கேட்டது. யாரோ கெண்டைக்காலைக் கடித்தார்கள். சதை கிழிந்தது. குனிந்து பார்த்தான். ரசூல். மேலுதடு முழுக்க ரத்தம். கடித்ததை விடாமல், கண்ணைச் சிமிட்டாமல், அவனையே பார்த்தான்.

"ரசூல்! நான்டா!"

ரசூல் கடியை இறுக்கினான்.

ஸ்தனிஸ்லாஸ் இன்னொரு காலைத் தூக்கி அந்த முகத்தில் உதைத்தான். விடவில்லை. மறுபடி உதைத்தான். ஏழோ எட்டோ தடவை. கடைசியில் ஷூவின் குதிகால் இறங்கிய இடத்தில் கெட்டியாக எதுவும் இல்லை. கடி விட்டது.

அதைச் செய்தபோது அவனுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அது தன்னுடையது இல்லை என்று நினைக்க விரும்பினான்.

டோமினிக்கின் தோளில் ஏறி, கன்னத்தை மிதித்து, இரண்டு சாண் இடைவெளியில் தலையை நுழைத்தான். மழை முகத்தில் விழுந்தது. காற்று. விலாவை இரும்பு உரசித் தோலை உரித்தது. ஒரு கையால் வெளி விளிம்பைப் பற்றி உந்தினான். வெளியே விழுந்தான்.

விழுந்தபோது மறு கையில் எதுவும் இல்லை. எப்போது விட்டான் என்று தெரியவில்லை.

தளத்தில் யாரும் இல்லை. சமையல்காரர்களும் பரிமாறுகிறவர்களும் மழைக்குக் கரையிலிருந்த ஷெட்டில் ஒதுங்கியிருந்தார்கள். தவழ்ந்து வின்ச்சுக்குப் போனான். இரண்டு லிவர். ஒன்று தூக்க, ஒன்று விட. தூக்குவதில்தான் கையை வைத்தான். அதில் சந்தேகமே இல்லை.

"ஸ்டானி!"

பிரான்சியின் கை இடைவெளியில் வந்தது. நாலு விரலும் மோதிரமும். அடுத்து நெற்றி. கண்கள். அவள் உயிரோடு இருந்தாள், அவனைப் பார்த்தாள், தெரிந்துகொண்டாள்.

"தூக்கு, தூக்கு, சீக்கிரம்..."

அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. நாலு பக்கமும் விளிம்பு முழுக்க விரல்கள் முளைத்தன. மெலிந்த, கரி படிந்த, நகமே இல்லாத விரல்கள். தேய்ந்து, முனையில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இருநூறு, முந்நூறு. ஒன்றரை டன் மூடி அந்த விரல்களில் ஏறி மெதுவாக அசைந்தது. மேலே எழும்பத் தொடங்கியது.

அவன் கை அடுத்த லிவருக்குப் போனது.

மூடி விழுந்தது. வடம் சாட்டை மாதிரி சுழன்று அறுந்து ஆற்றுப் பக்கம் பறந்தது. இரும்போடு இரும்பு மோதிய சத்தம். அதற்குள்ளேயே, முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி, சின்னச் சின்னதாகப் பல சத்தங்கள்.

மழைத் தண்ணீரில் ஒரு மோதிர விரல் அவன் கால் பக்கம் உருண்டு வந்து நின்றது. வேறு எவருடைய விரலும் வெளியே கிடக்கவில்லை.

அவன் மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தான். அடியிலிருந்து அதிர்வு தொடைக்கு வந்தது. பிறகு அவள் குரல், வெகு பக்கத்தில், கெஞ்சாமல், அவனுக்கு ஏதோ ஞாபகப்படுத்துவது போல வந்தது. "ஸ்டானி. என் விரல்."

அவன் காதைப் பொத்திக்கொண்டான். மறுபடி கையை எடுத்தபோது உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

அவனைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த தீயணைப்பு வீரர்கள். மூடி விழுந்த சத்தம் கேட்டு சமையல்காரர்கள் போன் செய்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. மணி எட்டேகால்தான். ஆற்றுக்கு அப்பால் கோயில் மணி கேட்டது. பாலத்தில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"சார், என்ன சார் ஆச்சு? எத்தன பேரு உள்ள?" என்று நிலைய அதிகாரி கேட்டார்.

"தெறக்காதீங்க," என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

"சைடு கதவு தொறந்துதான் சார் இருக்கு," என்றார் கேட்டரிங் மேஸ்திரி அதிகாரியிடம். "மத்தியானத்துலேர்ந்தே தொறந்துதான் கெடக்கு. இவங்க ஏன் அது வழியா வெளிய வரலன்னு தெரியல. எங்க சப்ளையர் ரெண்டு பேரு இப்ப அதுல உள்ள போனாங்க. இன்னும் வரல."

"நம்ம ஆசீர் போயிருக்கானே?" என்று அதிகாரி தன் வீரர்களைப் பார்த்துக் கேட்டார்.

"அவரும் வரல சார்."

ஆசீர், ஆசீர் என்று வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்கள். இரைச்சல்தான் வந்தது. இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று அதிகாரி ஜாக்கி கொண்டுவரச் சொன்னார். நாலு மூலையிலும் வைத்து அடித்தார்கள். மூடி அங்குலம் அங்குலமாக எழுந்தது. பக்கவாட்டில் தள்ளினார்கள். இரண்டு பேர் ஸ்தனிஸ்லாஸைப் பிடித்திருந்தார்கள், அவன் திமிறவில்லை. பார்க்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

பெரிய டார்ச்சின் வெளிச்சம் படிகளில் இறங்கித் தரையைத் தொட்டது.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வரிசை வரிசையாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு, ஒருவர் முதுகில் ஒருவர் மார்பு ஒட்ட, சுவரிலிருந்து சுவர் வரைக்கும். கீழ்த்தாடை தொங்கிய வக்கீலின் மனைவி. கழுத்து பின்பக்கம் மடங்கிய வேணி. முகம் என்று எதுவும் மிச்சமில்லாத ரசூல், அவன் சாம்பல் கோட்டை வைத்துத்தான் தெரிந்தது. யாரும் அழவில்லை, முனகவில்லை. எல்லோருடைய மார்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. கடைசி வரிசையில் இரண்டு சப்ளையர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஆசீர், ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதே மாதிரி குந்தியிருந்தான்.

"ஆசீர்! என்னய்யா பண்ற? எல்லாரையும் மேல ஏறச் சொல்லு!"

வெளிச்சம் பட்டதும் அத்தனை முகங்களும் மெதுவாக மேலே திரும்பின. அதிகாரியைப் பார்க்கவில்லை. டார்ச்சைப் பார்க்கவில்லை.

நடு வரிசையில் பிரான்சி இருந்தாள். அவள் இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் குந்தியபடியே, தரையை உரசிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் உண்டாயிற்று.

அவள் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்துச் சிரித்தாள். விரல் இல்லாத கையால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.